அலை உடையாத இடத்தில் இறங்காதீர்கள்

கடப்பாக்கம் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு இறங்கி, சவுக்குத் தோப்புக்கு நடுவே போகும் மண்பாதையில் நடந்தால் கடல் வந்துவிடும். பஜ்ஜிக் கடை இல்லை, குதிரை சவாரி இல்லை, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஆளே இல்லை. இப்படி ஓர் இடத்துக்கு வந்து நிற்கிற குடும்பம் முதலில் என்ன செய்யும் என்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் அலை நுரைத்துக்கொண்டு விழும். நடுவில் ஒரு பத்து இருபது மீட்டர் அகலத்துக்கு மட்டும் தண்ணீர் சும்மா கிடக்கும். “இங்க அலையே இல்ல, பிள்ளைங்கள இங்க விடலாம்” என்பார் அப்பா. அம்மாவும் சரி என்று துண்டை விரித்துவிடுவார். அந்தக் கரையிலேயே இறங்கக் கூடாத இடம் அதுதான்.

அது ஏன் என்று புரிந்துகொண்டால், உயிர்காப்புக் காவலர் இல்லாத கடற்கரைக்குப் போய்வர வேண்டியதில் பாதி புரிந்துவிடும். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உடையும்போது கரையோரத்தில் தண்ணீர் சேர்ந்துகொண்டே போகிறது. சேர்ந்த தண்ணீர் எப்படியாவது கடலுக்குத் திரும்பியாக வேண்டும். கரையிலிருந்து சற்றுத் தள்ளி, தண்ணீருக்கடியில் நீளநீளமாக மணல் திட்டுகள் கிடக்கும். அவை ஓர் ஏரிக்கரையைப் போல வழியை மறிக்கின்றன. ஏரி நிரம்பினால் தண்ணீர் கரை முழுக்கவா வழிகிறது? மிகுதித் தண்ணீர் வெளியேறும் கலங்கல் எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் மொத்தமாகப் பாயும். கடலிலும் அப்படித்தான். இரண்டு மணல் திட்டுகளுக்கு நடுவே ஒரு பள்ளம் இருந்தால், கரையில் சேர்ந்த தண்ணீரெல்லாம் அந்த வாய்க்கால் வழியாகக் கடலை நோக்கி ஓடும். இதைத்தான் ரிப் கரண்ட் என்கிறார்கள். கரையோரப் பேச்சில் ‘இழுப்பு’ என்றால் எல்லோருக்கும் புரியும். நானும் அப்படியே சொல்கிறேன்.

சரி, அந்த இடம் ஏன் அமைதியாகத் தெரிகிறது? ஆழம் குறையும் இடத்தில்தான் அலை உடையும். மணல் திட்டின் மேல் தண்ணீர் கொஞ்சம்தான், அதனால் அலை அங்கே மடங்கி நுரைக்கிறது. வாய்க்காலில் ஆழம் அதிகம், அலை உடையாமலே கடந்துவிடுகிறது. ஆக, அலை இல்லாத அந்தத் துண்டுதான் ஆழமும் அதிகம், இழுப்பும் அதிகம். கண்ணுக்குச் சாதுவாகத் தெரிவதால்தான் குழந்தைகளை அங்கேயே இறக்குகிறார்கள்.

இழுப்பின் வேகம் பெரும்பாலும் நொடிக்கு அரை மீட்டர் அளவில் இருக்கும். கேட்டால் பெரிதாகத் தோன்றாது. ஆனால் கடல் கொஞ்சம் சினந்திருக்கும் நாளில் நொடிக்கு இரண்டு மீட்டரைத் தொடும். நூறு மீட்டர் நீச்சலில் உலக சாதனை படைத்தவரே நொடிக்கு இரண்டு மீட்டர் சொச்சம்தான் நீந்துகிறார், அதுவும் நீச்சல் குளத்தில், ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம். கிணற்றில் நீச்சல் பழகிய நாம் இழுப்பை எதிர்த்து நேராகக் கரையை நோக்கிக் கைபோட்டால், நின்ற இடத்திலேயே நீந்திக் களைத்துப்போவோம். இழுப்பில் மாட்டியவர்கள் சாவது பெரும்பாலும் இந்தக் களைப்பாலும் பயத்தாலும்தான். இழுப்பு யாரையும் அடியில் அமுக்குவதில்லை. ‘கடல் உள்ளே இழுத்துவிட்டது’ என்று சொல்லிச் சொல்லி, அது கீழே இழுக்கும் என்றே நம்மில் பலர் நம்பிவிட்டோம். அது வெளியே இழுக்கிறது. அலை உடையும் வரிசையைத் தாண்டியதும் பெரும்பாலும் வலுவிழந்துவிடுகிறது.

இதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் ஃபைபர் படகில் போகிற ஒரு பெரியவர். ஒரு மாலை, வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவரிடம் “ஐயா, இங்க குளிக்கலாமா?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் கிடந்த காய்ந்த தேங்காய் மட்டை ஒன்றை எடுத்து, அலை விழுகிற இடத்தில் வீசினார். அடுத்த அலை அதைக் கரைக்கே கொண்டுவந்து போட்டது. அதையே எடுத்துக்கொண்டு முப்பது அடி தெற்கே நடந்து, அமைதியாகக் கிடந்த துண்டில் வீசினார். மட்டை கொஞ்ச நேரம் அசைந்தது. பிறகு யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல நேராக வெளியே போனது. நான் பத்து எண்ணுவதற்குள் அலை வரிசைக்கு அந்தப் பக்கம் ஒரு புள்ளியாகிவிட்டது. “தம்பி, தண்ணி திரும்பிப் போற வழி அது. அங்க நிக்கலாமா?” என்றார். அன்றிலிருந்து எந்தக் கடற்கரைக்குப் போனாலும் மட்டையோ, காய்ந்த சவுக்குக் கிளையோ ஒன்றைத் தேடி எடுத்து வீசிப் பார்க்காமல் நான் காலை நனைப்பதில்லை. காசு செலவில்லாத சோதனை. இரண்டு மூன்று இடங்களில் வீசிப் பாருங்கள்.

மட்டையை வீசுவதற்கு முன்னால் இன்னொரு வேலை. வந்ததும் உடை மாற்றாதீர்கள். கரையில் கொஞ்சம் மேடான இடமாகப் பார்த்து ஏறி நின்று, இருபது நிமிடம் கடலைப் பாருங்கள். அலைகள் ஒரே அளவில் வருவதில்லை. பத்துப் பதினைந்து சின்ன அலைகள் வந்துபோன பிறகு மூன்று நான்கு பெரியவை சேர்ந்தாற்போல் வரும். ஐந்து நிமிடம் மட்டும் பார்த்தவருக்கு அந்தப் பெரிய வரிசை கண்ணில் படாமலே போகலாம். அது வந்த உடனே இழுப்பும் பலமாகும், ஏனென்றால் கரையில் அத்தனை தண்ணீர் சேர்ந்திருக்கிறது. வரிசையாக விழும் நுரைக்கு நடுவே இடைவெளி எங்கே இருக்கிறது, நுரையும் குப்பையும் எந்த இடத்தில் கடலை நோக்கி நகர்கின்றன, தண்ணீர் எங்கே மணல் கலங்கிப் பழுப்பாக வெளியே போகிறது, எங்கே நிறம் மட்டும் கறுத்துத் தெரிகிறது என்று பாருங்கள். எல்லா அடையாளமும் ஒரே இடத்தில் தெரியும் என்றில்லை. ஒன்று தெரிந்தாலே அந்த இடத்தை விட்டுவிடுங்கள். ஓதம் இறங்கும், அதாவது கடல் மட்டம் தாழும் நேரத்தில் பல கரைகளில் இழுப்பு கூடும், காலையில் நன்றாக இருந்த இடம் மதியம் மாறியிருக்கும். ஒரு புயலுக்குப் பிறகு மணல் திட்டுகளே இடம் மாறிவிடும். ‘போன வருஷம் இங்கதான் குளிச்சோம்’ என்பது கடலிடம் செல்லாது.

சில இடங்களில் இழுப்பைத் தேடவே வேண்டாம், அது அங்கேயே குடியிருக்கும். கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகளின் ஓரம் அப்படிப்பட்டது. கரையோரமாக வரும் நீரோட்டம் அந்தக் கல்லில் மோதி, அதை ஒட்டியே கடலுக்குத் திரும்புகிறது. துறைமுகச் சுவர், பழைய பாலத்தூண்களுக்கும் இதே கதைதான். கற்கள் பாசி படிந்து வழுக்கும், அவற்றின் மேல் நின்று படம் எடுப்பதும் வேண்டாம். ஆறோ உப்பங்கழியோ கடலில் சேரும் முகத்துவாரங்களும் அப்படியே. ஓதம் இறங்கும்போது உள்ளே ஏறியிருந்த தண்ணீரெல்லாம் ஒரே வாய் வழியாகப் பாயும். முட்டளவு என்று நினைத்து அக்கரைக்கு நடந்தவர்கள் திரும்பி வரும்போது, ஓதம் ஏறியிருந்தால் அது இடுப்பளவாகி ஓடிக்கொண்டிருக்கும்.

நம்முடைய கிழக்குக் கரையின் பல பகுதிகளில் இன்னொரு குணமும் உண்டு. கரை சட்டென்று சரிகிறது. கணுக்கால் நனைய நிற்பவர் இரண்டு எட்டு வைத்தால் இடுப்பளவு. அலை தூரத்தில் உடையாமல் கரையிலேயே ‘டமால்’ என்று விழும். அது காலை வாரி, திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து அரித்துக்கொண்டு போகும். ‘குளிக்கவில்லை, சும்மா கால் நனைக்கிறோம்’ என்று நிற்பவர்களை வாரிக்கொண்டு போவது இந்த அலைதான். நனைந்த சேலை, ஜீன்ஸ், சுடிதார் எல்லாம் அந்த நேரத்தில் கல்லைக் கட்டியதுபோலக் கனக்கும். கடலுக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள், பிள்ளையின் கை உங்கள் கைக்குள் இருக்கட்டும். இந்த இரண்டையும் எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள்.

ராமேசுவரம் பக்கம் போனால் மக்கள் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். தனுஷ்கோடியில் இரண்டும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. ஒரு பக்கம் அமைதி, மறுபக்கம் கொந்தளிப்பு. நில அமைப்பும் காற்றும் கடலை எப்படி மாற்றுகின்றன என்பதை நின்ற இடத்திலேயே பார்க்க அதைவிட நல்ல இடம் தெரியவில்லை. ஆனால் பெயரை நம்பி அந்த அமைதியான பக்கத்தில் ஆழம் தெரியாமல் இறங்கிவிடக் கூடாது. இரண்டும் சேரும் அரிச்சல்முனை முனையில் தண்ணீரில் இறங்கவே வேண்டாம்.

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியவை. பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாதது ஒன்று உண்டு. அதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். கேரளக் கரை மீனவர்கள் வைத்த பெயர், உலக அறிவியல் வழக்கிலும் இப்போது அதே பெயர்தான். திருடன் சொல்லாமல் வருவதுபோல வருவதால் அந்தப் பெயர். தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் ஒரு பெரும் புயல் அடிக்கும். அங்கே எழுந்த அலைகள் நாள்கணக்கில் பயணம் செய்து நம் கரையை வந்து தொடும். இங்கே வானம் தெளிவாக இருக்கும், காற்றுகூட இருக்காது. கடல் மட்டும் திடீரென்று எழுந்து வரும். ஏப்ரல், மே மாதங்களில், அதாவது நாம் கடற்கரைக்குக் கிளம்பும் அதே கோடை விடுமுறையில்தான் இது அதிகம்.

2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரத்தை ஒட்டிய லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தார்கள். ஒரு திருமணத்துக்காக வந்தவர்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. படித்தவர்கள், துடிப்பானவர்கள், இன்னும் கொஞ்ச நாளில் மருத்துவர்களாகிப் பிற உயிர்களைக் காக்கப் போகிறவர்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எச்சரிக்கை எங்கோ இருந்தது, அவர்கள் இறங்கும் இடத்தில் நின்று அதைச் சொல்ல ஆளில்லை. காவலில்லாத கடற்கரை என்றால் இதுதான். அந்த ஆளின் வேலையை நாமே செய்ய வேண்டியிருக்கிறது.

அதனால் கிளம்பும் முன் இன்காய்ஸ் எச்சரிக்கையைப் பாருங்கள். ஹைதராபாத்தில் உள்ள இந்த நடுவண் நிறுவனம் உயர் அலை, கள்ளக்கடல் எச்சரிக்கைகளை மாவட்ட வாரியாக வெளியிடுகிறது. தமிழ்ச் செய்திகளிலும் அவை வருகின்றன. ‘இன்று இரவு பதினொன்றரை வரை’ என்று மணிக்கணக்குடன் இருக்கும். அந்த நேரத்துக்குள் கரையோர மணலில்கூட நிற்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடல் அடிக்கடி கொந்தளிக்கும். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால் பயணத்தை வேறு நாளுக்கு மாற்றிவிடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் அதிகம் ஏறி அதிகம் இறங்கும், நாள்காட்டியையும் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

இவற்றையெல்லாம்விட நான் அதிகம் நம்புவது பக்கத்துக் குப்பத்து மனிதர்களைத்தான். ஆளில்லாத கடற்கரை என்று நாம் சொல்கிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி எப்போதும் ஒரு குப்பம் இருக்கும். “அண்ணே, கடல் எப்படி இருக்கு இன்னிக்கு? எந்தப் பக்கம் இறங்கலாம்?” என்று கேளுங்கள். அந்த இடத்தில் யார் எப்போது போனார்கள் என்பதுவரை சொல்வார்கள், ஏனென்றால் உடலைத் தேடிப் படகை எடுத்துக்கொண்டு போனவர்கள் அவர்கள்தான். படகுகளெல்லாம் மேட்டில் ஏற்றிக் கிடந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான். அந்த நாள்களிலும் சின்னப் படகுகள் போகாமல் கிடந்தால் கடல் சரியில்லை என்று பொருள். அவர்கள் ‘வேணாம்’ என்றால் ஏன் என்று விவாதிக்காமல் திரும்பிவிடுங்கள்.

எடுத்துப் போக வேண்டியதில் எனக்கு மிக முக்கியமானது 20 லிட்டர் குடிநீர் கேன். காலி கேன், இறுக்கமான மூடியோடு. அதன் கழுத்தில் இருபது முப்பது மீட்டர் நைலான் கயிற்றைக் கட்டி எடுத்துப் போங்கள். ஒரு ஆளைத் தாராளமாக மிதக்க வைக்கும். கேன் இல்லாத நேரத்தில் மூடிய இரண்டு லிட்டர் பாட்டில்கள் இரண்டைக்கூட நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மிதக்கலாம்.

ஏன் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், நம் ஊரில் மூழ்கும் ஒருவரைக் காப்பாற்ற இறங்கி அடுத்தவரும், அவரைக் காப்பாற்ற இறங்கி மூன்றாமவரும் போவது திரும்பத் திரும்ப நடக்கிறது. தங்கையைப் பிடிக்க அண்ணன், அண்ணனைப் பிடிக்க அப்பா. மூழ்குபவர் கையில் கிடைத்ததைப் பற்றிக்கொண்டு மேலே ஏறத்தான் பார்ப்பார், அது அன்பு தெரியாத பிடி. கைகோத்துச் சங்கிலியாக இறங்குவதும் ஆபத்து, நடுவில் ஒருவர் கால் தவறினால் சங்கிலியே போய்விடும். இறங்காதீர்கள், மிதக்கிற பொருளை எறியுங்கள். கயிற்றின் மறுமுனை உங்கள் கையில் இருக்கட்டும். எறிந்துகொண்டே குப்பத்துக்கு ஒருவரை ஓட விடுங்கள், இன்னொருவர் 112-க்கு அழைக்கட்டும். கடலோரப் பாதுகாப்புக் காவல்படைக்கு 1093, இந்தியக் கடலோரக் காவல்படைக்கு 1554, ஆம்புலன்சுக்கு 108. தோப்புக்கு அந்தப் பக்கம் சிக்னல் போய்விடுகிற இடங்கள் உண்டு. வரும் வழியிலேயே எந்த இடம்வரை சிக்னல் இருந்தது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூழ்குகிறவர் கத்துவார், கையை ஆட்டுவார் என்று காத்திருக்காதீர்கள். மூச்சுக்கே வழியில்லாதபோது கத்த முடியாது. தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில் முழுகி முழுகி எழும். கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும். ஏணி ஏறுவதுபோல இருக்கும், ஆனால் நகர்ந்திருக்க மாட்டார். இது ஒரு நிமிடம்கூட நீடிக்காமல் முடிந்துவிடலாம். பிள்ளைகள் சத்தம் போட்டு விளையாடிக்கொண்டிருந்து திடீரென்று அமைதியானால் உடனே தலையை நிமிர்த்திப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒருவராவது கரையில் உட்கார்ந்து, கைபேசியைப் பார்க்காமல், தலைகளை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். அரைமணிக்கு ஒருவராக மாற்றிக்கொள்ளலாம். மது குடித்தவர் தண்ணீரில் இறங்கவும் கூடாது, அந்தக் காவலுக்கும் உதவ மாட்டார்.

நீங்களே இழுப்பில் மாட்டினால்? கால் தரையில் படாமல் கரை விலகுவதாகத் தெரிந்ததும், கரையை நோக்கி நீந்துவதை நிறுத்துங்கள். மனம் கேட்காதுதான், ஆனாலும் நிறுத்துங்கள். மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்குங்கள். இடமோ வலமோ, அலை நுரைத்து உடையும் பக்கமாக, கரைக்கு இணையாக மெல்ல நீந்துங்கள். வாய்க்கால் குறுகியது, பத்து முப்பது மீட்டர் தாண்டினால் வெளியே வந்துவிடலாம். நுரைக்கும் அலை உங்களைக் கரைப்பக்கம் தள்ளிக்கொடுக்கும், மட்டையைக் கொண்டுவந்து போட்டதைப் போலவே. நீந்தத் தெம்பில்லை என்றால் மிதந்துகொண்டு ஒரு கையைத் தூக்கி ஆட்டுங்கள். இதைப் படித்துவிட்டதாலேயே செய்துவிட முடியாது. நீச்சல் குளத்தில் மல்லாந்து பத்து நிமிடம் மிதக்கப் பழகியவருக்குத்தான் அந்த நேரத்தில் கைகொடுக்கும்.

கரைக்குக் கொண்டுவந்தவரின் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, தலைகீழாகத் தூக்குவது, சுற்றுவது எதுவும் வேண்டாம். வயிற்றிலிருப்பது மேலே வந்து மூச்சுக்குழாயை அடைக்கும், நேரமும் வீணாகும். மூச்சு இல்லையென்றால் தலையைச் சற்றுப் பின்சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயில் வாய் வைத்து இரண்டு முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவே இரண்டு கைகளாலும் 30 முறை அழுத்துங்கள், நிமிடத்துக்கு நூறு நூற்றிருபது என்ற வேகத்தில், ஐந்து சென்டிமீட்டர் ஆழம் இறங்கும்படி. மறுபடி இரண்டு ஊதல், முப்பது அழுத்தம். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்த வேண்டாம். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எழுந்து உட்கார்ந்து ‘எனக்கு ஒண்ணுமில்ல’ என்றாலும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்துத்தான் தன் வேலையைக் காட்டும்.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். சொறிமீன் (ஜெல்லி மீன்) பட்டால் கடல்நீரால் கழுவுங்கள், நல்ல தண்ணீர் ஊற்றவோ மணலால் தேய்க்கவோ வேண்டாம். தாங்கும் அளவு சூடான நீரில் இருபது நிமிடம் வைத்தால் வலி குறையும். வலையிலிருந்து விழுந்து கரையில் கிடக்கும் கடல் பாம்பைக் குச்சியாலும் தொடாதீர்கள், அதற்குக் கொடிய விஷம் உண்டு. கண்ணாடிச் சில்லுக்குச் செருப்பு. கரைவலை இழுத்துக்கொண்டிருந்தால் கயிற்றுக்கும் வலைக்கும் இடையே போகாதீர்கள். கடல் என்றுமில்லாதபடி வற்றி உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டை நோக்கி ஓடுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று வெறும் தரையில் துள்ளிய மீனைப் பொறுக்கப் போனவர்களை இந்தக் கரை இன்னும் மறக்கவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள். இருட்டில் அலையும் தெரியாது, தண்ணீரில் இருக்கும் தலையும் தெரியாது. பெண்கள் மட்டுமாகப் போனால் வேறு காரணத்துக்காகவும் இது நல்லது. வரும்போது சாலையோர டீக்கடையில் ஒரு டீ குடித்து, எத்தனை பேர், எந்தப் பக்கம் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கடைக்கார அக்காவிடம் சொல்லிவிட்டுப் போங்கள். திரும்பும்போது மறக்காமல் அவர் கண்ணில் பட்டுவிட்டுப் போங்கள். ஒரு முறை நாங்கள் வேறு வழியாகச் சாலை ஏறிவிட்டோம். பாதி தூரம் போன பிறகுதான் ஞாபகம் வந்து வண்டியைத் திருப்பினோம். கடையைச் சாத்திவிட்டு, டார்ச்சோடு இரண்டு பையன்களைத் தோப்புக்குள் அனுப்பிவிட்டு, அந்த அக்கா சாலையிலேயே நின்றுகொண்டிருந்தார்.